ஒரு சொல்லும் ஓர் எண்ணும்

விளையாட்டைப் பற்றி ஒரு கட்டுரை தருகிறேன் என்று இதழாசிரியரிடம் சொன்னபோது, “கபடியா, பூப்பந்தா?” என்று கேட்டார். இரண்டும் அல்ல, உட்கார்ந்த இடத்தில் ஆடுவது என்றேன். “சதுரங்கமோ?” என்றார். அதுவும் அன்று. இருபத்தைந்து சொற்களைத் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு, ஒருவர் ஒரே ஒரு சொல்லைச் சொல்ல, மற்றவர்கள் அவர் மனத்தில் இருக்கும் சொற்களைக் கண்டுபிடிப்பது என்றேன். “இதில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது?” என்றார் அவர். சென்ற சிவராத்திரி விடுமுறைக்கு முன்பு என்னைக் கேட்டிருந்தால் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

விளையாட்டின் பெயர் ‘கோட்நேம்ஸ்’. மறைபெயர்கள் என்று தமிழில் சொல்லலாம். செக் நாட்டவரான விளாடா ஹ்வாட்டில் என்பவர் அமைத்தது. 2015ஆம் ஆண்டில் வெளிவந்து, மறு ஆண்டே ஜெர்மனியில் ஆண்டின் சிறந்த விளையாட்டுக்கென்று வழங்கப்படும் ‘ஸ்பீல் டெஸ் யாரெஸ்’ விருதைப் பெற்றது. பெட்டியில் இருநூறு சீட்டுகள் இருக்கும். இரு பக்கமும் சொல் அச்சிட்டிருப்பதால் சொற்கள் நானூறு.

ஆடும் முறையைச் சொல்லிவிடுகிறேன். இருபத்தைந்து சீட்டுகளை வரிசைக்கு ஐந்தாக ஐந்து வரிசை பரப்ப வேண்டும். ஆடுவோர் இரண்டு கட்சியாகப் பிரிந்துகொள்வர். சிவப்புக் கட்சி, நீலக் கட்சி என்று வைத்துக்கொள்வோம். கட்சிக்கு ஒரு தலைவர் உண்டு. இரு தலைவர்களும் ஒரு பக்கமாக அமர்ந்து, மற்றவர் கண்ணில் படாமல் ஒரு சிறு கட்டப்படத்தைப் பார்ப்பார்கள். எந்தச் சீட்டு எந்தக் கட்சியுடையது என்பது அதில் இருக்கும். முதலில் ஆடும் கட்சிக்கு ஒன்பது சொற்கள், மற்றதற்கு எட்டு. ஏழு சொற்கள் யாருக்கும் உரியவை அல்ல. எஞ்சியது ஒன்று. அது கருஞ்சீட்டு, அதைத் தொட்ட கட்சி அந்த நொடியே தோற்றது.

தலைவர் தம் முறை வரும்போது ஒரு சொல்லும் ஓர் எண்ணும் மட்டுமே சொல்லலாம். ‘கடல், மூன்று’ என்றால், கடலோடு தொடர்புடைய நம் சொற்கள் மூன்று மேடையில் இருக்கின்றன என்று பொருள். அவர் கட்சியினர் கூடிப் பேசி ஒவ்வொன்றாகத் தொடுவர். சரியாகத் தொட்டால் தொடரலாம். பிறர் சொல்லையோ பொதுச் சொல்லையோ தொட்டால் முறை போயிற்று. சொன்ன எண்ணுக்கு மேல் ஒன்று கூடுதலாகத் தொட்டுப் பார்க்கவும் இடமுண்டு. தம் சொற்கள் எல்லாவற்றையும் முதலில் கண்டுபிடித்த கட்சி வெல்லும். இவ்வளவுதான். இதற்கிடையில் தலைவர் கண்ணால் காட்டுவதோ, இருமுவதோ, பெருமூச்சு விடுவதோ கூடாது. இந்த ஒரு விதியைக் காப்பதுதான் எல்லாவற்றிலும் கடினம்.

சொல்லைக் கண்டுபிடிக்கும் விளையாட்டுகள் வேறும் உண்டு. 1989இல் வந்த ‘டபூ’ என்பதில் சீட்டில் ஒரு சொல்லும், அதை விளக்கும்போது வாயில் வரக்கூடாத ஐந்து சொற்களும் இருக்கும். ‘தேநீர்’ என்பதை ‘பால், சூடு, கோப்பை’ முதலியவை இல்லாமல் விளக்க வேண்டும் என்பது போல. அங்கே வாய் நிறையப் பேசலாம். கோட்நேம்ஸில் பேச்சே இல்லை. அதனால்தான் அதில் ஒரு சொல்லின் கனம் தெரிகிறது.

நாங்கள் ஐவர் இதைத் தமிழில் ஆட விரும்பினோம். அட்டை வாங்கி நறுக்கி, மசியால் எழுதி, நூற்றிருபது சீட்டுகள் செய்தோம். பல பொருள் தரும் சொல்லே இதற்கு ஏற்றது. ஆங்கிலப் பெட்டியிலும் அவ்வாறே தேர்ந்திருக்கிறார்கள். இந்தச் செல்வத்துக்குத் தமிழில் குறைவா? ஆறு, மாலை, கால், படி, நூல், திங்கள், மதி என்று ஒரு மாலைப்பொழுதில் எழுதித் தள்ளிவிட்டோம். காளமேகப் புலவருக்குச் சிலேடை எளிதாக வந்ததன் காரணம் அன்று பாதி விளங்கிற்று.

தகராறு வேறிடத்தில் வந்தது. ‘ஒரு சொல்’ என்றால் என்ன? ஆங்கிலத்தில் இடைவெளி விட்டு எழுதினால் சொல் முடிந்தது என்று சொல்லிவிடலாம். தமிழில் ‘வரமாட்டாதவர்களுக்காக’ என்பதும் இடைவெளியின்றி நிற்கிறது. அதைக் குறிப்பாகத் தரலாமா? மதுரைக்காரர் ஒருவர் எங்களுள் இருந்தார். இலக்கணப் பற்று மிகுந்தவர். பகாப்பதமும் பகுபதமும் செல்லும், தொகை செல்லாது என்று நன்னூல் வழியே தீர்ப்புச் சொன்னார். நன்று என்று ஒப்புக்கொண்டோம். ஐந்தே நிமிடத்தில் கோவைக்காரர், “அப்படியானால் தண்ணீர்?” என்று கேட்டார். தண்மையான நீர் தண்ணீர், பண்புத்தொகை. நாள்தோறும் குடிக்கும் தண்ணீரையே தள்ளி வைக்கும் விதி எப்படி நிற்கும்? முடிவில், ஊரார் ஒரே மூச்சில் ஒரே பொருளுக்குச் சொல்வது ஒரு சொல் என்று வகுத்துக்கொண்டோம். ‘நீர்’ மேடையில் கிடக்கும்போது மட்டும் ‘தண்ணீர்’ கூடாது. ஏனெனில் கிடக்கும் சொல்லையோ அதன் பகுதியையோ சொல்லக்கூடாது என்பது மூல விதி.

‘ஊரார்’ என்றோமே, எந்த ஊரார்? அதை அப்போது யாரும் கேட்கவில்லை.

எங்களுள் ஒருவர் கௌதள்ளியைச் சேர்ந்தவர். சிவராத்திரி விடுமுறைக்குத் தம் வீட்டுக்கு வருமாறு அழைத்தார். சீட்டுக்கட்டையும் எடுத்துக்கொண்டு புறப்பட்டோம். மைசூரிலிருந்து நரசீபுரம், கொள்ளேகால், ஹனூர் வழியாகப் பேருந்து செல்கிறது. நரசீபுரத்துக்கு அண்மையில்தான் தலக்காடு. கங்க மன்னர்களின் பழைய தலைநகர். நன்னூலைச் செய்வித்த சீயகங்கன் அந்தக் கங்கர் குடியினன் என்று மதுரைக்காரர் பேருந்திலேயே நினைவூட்டினார். ஹனூரைக் கடந்தால் மலைகள் நெருங்கி வருகின்றன. கௌதள்ளியைத் தாண்டிச் செல்லும் சாலை மாதேஸ்வரன் மலையை அடைந்து, பாலாற்றில் இறங்கி, மேட்டூர்ப் பக்கம் தமிழ்நாட்டுக்குள் செல்கிறது. சிவராத்திரிக்கு முந்திய நாட்கள் ஆகையால் மலைக்கு நடந்து செல்லும் அடியார் கூட்டம் சாலையின் ஓரமெல்லாம் இருந்தது. கன்னடமும் தமிழும் கலந்து காதில் விழுந்தன.

முதல் நாள் மாலை திண்ணையில் ஆட்டம் தொடங்கிற்று. எங்கள் கட்சிக்குக் கௌதள்ளி நண்பர் தலைவர். மதுரைக்காரரும் நானும் அவர் கட்சியினர். எதிரில் யாழ்ப்பாணத்து நண்பர் தலைவர். கோவைக்காரரும், பள்ளியில் படிக்கும் வீட்டுக்கார நண்பரின் தங்கையும் அவருக்குத் துணை.

யாழ்ப்பாணத்தவர் முதலில், “கதை, இரண்டு” என்றார். கோவைக்காரர் தயங்காமல் ‘நூல்’ என்பதைத் தொட்டார். அது எங்களுடையது! யாழ்ப்பாணத்தவர் எண்ணியவை ‘திண்ணை’யும் ‘தொலைபேசி’யும். அவர் ஊரில் கதைப்பது என்றால் பேசுவது அல்லவா? நாங்கள் எல்லோரும் சிரித்தோம். எவ்வளவு இனிய வழக்கு என்று மதுரைக்காரர் பாராட்டவும் செய்தார்.

அடுத்து எங்கள் தலைவரின் முறை. அவர் நெடுநேரம் சீட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். “என்ன, தவமா?” என்று கேலி செய்தோம். பிறகு, “சோளம், இரண்டு” என்றார். ‘குருவி’ ஒன்று எளிதில் கிடைத்தது. இரண்டாவதாக ‘மாவு’ என்பதைத் தொட்டோம். அது யாருக்கும் உரியதன்று. முறை போயிற்று. ஆட்டம் முடிந்த பிறகு, நீங்கள் எண்ணியது எது என்று கேட்டேன். “காடு” என்றார்.

“காட்டில் சோளம் விளையுமா? காட்டில் மரம் இருக்கும், யானை இருக்கும். விளைவது வயலில். நீங்கள் சொல்வது தமிழே அன்று” என்றேன்.

சென்னையில் வளர்ந்தவன் நான். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கோவைக்காரர்தான், “எங்கள் ஊரிலும் காடு என்றால் மானாவாரி நிலம்தான். காட்டுக்குப் போகிறேன் என்றால் வேட்டைக்குப் போகிறான் என்றா நினைப்பீர்கள்?” என்று கேட்டார். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. இரவு படுத்த பிறகுதான் ‘காடு கழனி’ என்ற தொடர் நினைவுக்கு வந்தது. கழனி நன்செய், காடு புன்செய். நானே நூறு முறை சொல்லியிருப்பேன். சொல்லும்போது காட்டைப் பார்த்ததில்லை.

யாழ்ப்பாணத்தவரின் ‘கதை’யைப் பாராட்டிய நாங்கள், கௌதள்ளிக்காரரின் ‘காடு’ தமிழே அன்று என்றோம். ஏன்? அந்தப் பக்கத்துத் தமிழ் நமக்கு நூல்களில் அறிமுகமானது. இந்தப் பக்கத்துத் தமிழ் கன்னடத்தோடு உறவாடுவது. ஆகவே எது வந்தாலும் கலப்பு என்று முன்கூட்டியே தீர்த்து வைத்திருந்தோம் போலும்.

இதைவிட வருத்தமான ஒன்று மறுநாள் காலையில் தெரிந்தது. திண்ணையைப் பெருக்கும்போது ஒரு துண்டுத்தாள் கிடைத்தது. முந்திய நாள் ஆட்டத்தின் இருபத்தைந்து சொற்களும் அதில் ஐந்து வரிசையாக எழுதப்பட்டிருந்தன. எழுத்து கன்னடம். எங்கள் தலைவர் தவம் செய்ததன் காரணம் அதுதான். அவர் ஒவ்வொரு சீட்டையும் எழுத்துக் கூட்டிப் படித்து, தமக்குத் தெரிந்த எழுத்தில் படியெடுத்துக்கொண்டிருந்தார். தங்கையும் அப்படியே, யாழ்ப்பாணத்தவர் தாழ்ந்த குரலில் படித்துச் சொன்னதை வைத்தே அந்தப் பெண் ஆடியிருக்கிறாள். வீட்டில் பேசுவது தமிழ். பள்ளியில் படித்தது கன்னடம். தமிழ் எழுத்தை அவர்களுக்கு யாரும் கற்பிக்கவில்லை.

நம் சங்கத்தில் இரண்டு ஆண்டுகளாக அவர் உறுப்பினர். வரவேற்புரை படிக்க அழைத்தோம். தொண்டை சரியில்லை என்றார். மறுமுறை கட்டுரை கேட்டோம், நேரமில்லை என்றார். அப்போது செயலாளன் நான். ‘ஆர்வம் போதாது’ என்று குறிப்பெழுதி, இதழ்க் குழுவிலிருந்து அவர் பெயரை அடித்தவனும் நான்தான். அந்தத் தாளை மடித்து அவரிடம் கொடுத்தேன். மன்னிப்புக் கேட்கத் தெரியாமல், “நாளைக்கு வேறு சீட்டு எழுதுவோமா?” என்று மட்டும் கேட்டேன். “இன்றைக்கே எழுதலாம்” என்றார்.

ஆங்கிலப் பெட்டியில் ஒவ்வொரு சீட்டிலும் சொல் இரு முறை அச்சிடப்பட்டிருக்கும். எதிரெதிரே இருப்பவர்கள் இருவரும் படிக்க வசதியாக ஒன்று நேராகவும் ஒன்று தலைகீழாகவும் இருக்கும். எங்களுக்கு அது நல்ல வழி காட்டிற்று. ஒரு பக்கம் தமிழ் எழுத்து. எதிர்ப்பக்கம் அதே சொல் கன்னட எழுத்தில். அன்று காலை முழுவதும் எழுதினோம். ‘மழை’ எழுதும்போது தங்கையின் பேனா நின்றது. பழங்கன்னடத்தில் ழகரத்துக்குத் தனி எழுத்து இருந்தது, பின்னர் வழக்கொழிந்தது. ‘மளை’ என்று எழுதினாள். மதுரைக்காரர் முகம் சுளித்தார். “நீங்கள் பேசும்போது வேறு எப்படிச் சொல்கிறீர்கள்?” என்று கோவைக்காரர் கேட்டதும் சுளிப்பு மறைந்தது.

எழுதிக்கொண்டே போகையில் இரு மொழியின் உறவும் பிணக்கும் தாமே வெளிப்பட்டன. நம் பகரம் பிற்காலக் கன்னடத்தில் ஹகரம் ஆயிற்று. பால் ஹாலு, புலி ஹுலி, பணம் ஹண, பள்ளி ஹள்ளி. இவற்றில் இடறலே இல்லை. இடறுவது ஒன்றேபோல் ஒலிப்பவற்றில்தான். மனை நமக்கு வீடு கட்டாத நிலம். அவர்களுக்கு ‘மனெ’ குடியிருக்கும் வீடு. திங்கள் நமக்கு வாரத்தில் ஒரு நாள்; அவர்களுக்கு ‘திங்களு’ மாதம். நம் பழைய நூல்களில் மாதமும் திங்களே என்பதை மதுரைக்காரர் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டார். ‘அக்கி’ எல்லாவற்றிலும் வேடிக்கை. கன்னடத்தில் அது அரிசி. காலைச் சிற்றுண்டிக்கு அக்கி ரொட்டி என்று கேட்டதும் யாழ்ப்பாணத்தவர் விழித்தார். தமிழில் அக்கி என்றால் உடம்பில் கொப்புளமாக எழும் நோய் அல்லவா?

மாலையில் நண்பரின் அப்பத்தாவும் வந்து அமர்ந்தார். எண்பதைக் கடந்தவர். எந்த எழுத்தும் அறியாதவர். சிறிது நேரம் பார்த்துவிட்டு, “இது விடுகதைதானே கண்ணு?” என்றார். விடுகதைதான். தொல்காப்பியம் அதைப் ‘பிசி’ என்று பெயர் சொல்லிச் செய்யுள் வகைகளுள் வைத்திருக்கிறது. கன்னடத்தார் ‘ஒகடு’ என்பர். ஆனால் விடுகதையில் மறைவது ஒரு பொருள். இங்கே ஒரு சொல்லால் இரண்டையும் மூன்றையும் கட்ட வேண்டும். பேரன் சொற்களைக் காதோடு படித்துச் சொல்ல, பாட்டி எங்களுக்குத் தலைவரானார். மதுரைக்காரரும் யாழ்ப்பாணத்தவரும் நானும் அவர் கட்சி.

“கோயமுத்தூரு, ரெண்டு” என்றார் பாட்டி.

மேடையில் ‘பஞ்சு’ கிடந்தது. ‘ஆலை’யும் கிடந்தது. கோவை என்றால் பஞ்சாலை, ஐயமென்ன? மதுரைக்காரர் பஞ்சின் மேல் விரலை வைத்தார். அதுதான் கருஞ்சீட்டு. ஒரே முறையில் ஆட்டம் முடிந்தது.

பாட்டி எண்ணியவை ‘வழக்கு’, ‘வளையல்’. அவர் சிறுமியாக இருந்தபோது அவருடைய தந்தையார் ஒரு நில வழக்குக்காகக் கோயமுத்தூருக்குப் போய் வருவாராம். வரும்போதெல்லாம் மகளுக்குக் கண்ணாடி வளையல் வாங்கி வருவாராம். மைசூர் பக்கத்திலிருக்க, கோவைக்கு ஏன் போனார் என்று நான் கேட்டேன். கொள்ளேகால் வட்டம் 1956 நவம்பர் 1ஆம் நாள் வரை சென்னை மாநிலத்தில் கோயமுத்தூர் மாவட்டத்தில் இருந்தது. மாநிலங்கள் சீரமைந்தபோது மைசூர் மாநிலத்தோடு சேர்ந்தது. 1997இல் சாமராஜநகர் தனி மாவட்டமாகியபோது அதற்குள் வந்தது. பாட்டியின் வீடு இடம் பெயரவில்லை. இதைத் தேர்வில் ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதியிருக்கிறேன் நான். ஆனால் ‘கோயமுத்தூர்’ என்ற சொல் கேட்டதும் வழக்கை எண்ண என்னால் இயலவில்லை. பேரனை எங்கள் பக்கம் உட்கார வைத்திருந்தால் நொடியில் தொட்டிருப்பார்.

நன்றாக ஆடுவதற்கு நிறையச் சொல் தெரிந்திருக்க வேண்டும் என்று எண்ணியிருந்தேன். அதைவிட, எதிரில் இருப்பவருக்கு எந்தச் சொல் எதை நினைவூட்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். அதற்கு அவரோடு இருந்திருக்க வேண்டும். வேறு குறுக்கு வழி எனக்குப் புலப்படவில்லை.

பாட்டி விடவில்லை. கட்சியை மாற்றினார். மதுரைக்காரரை எதிர்ப்பக்கம் அனுப்பிவிட்டுப் பேத்தியை இழுத்துக்கொண்டார். இரு பக்கமும் நெருக்கமாக ஆடினோம். எங்களுக்கு மூன்று சொல், எதிரிக்கு ஒரே ஒரு சொல் எஞ்சிய நிலை. சாலையில் அடியார் கூட்டம் ஒன்று “உகே, உகே” என்று முழங்கிக்கொண்டு சென்றது. பாட்டி அந்தப் பக்கம் பார்த்துவிட்டு, “மாதப்பன், மூணு” என்றார்.

‘மலை’ எனக்கே தெரிந்தது. அடுத்ததற்குப் பேத்தி யோசிக்காமல் ‘புலி’யைத் தொட்டாள். மாதேஸ்வரனுக்கு ஊர்தி புலி. மூன்றாவது எது? ‘விளக்கு’ இருந்தது, ‘தேங்காய்’ இருந்தது; கோயில் என்றால் இரண்டும் பொருந்தும். யாழ்ப்பாணத்தவர் விளக்கின் பக்கம் சாய்ந்தார். பேத்தி அவர் கையைப் பிடித்து நிறுத்தி, ‘தாளம்’ என்ற சீட்டைக் காட்டினாள். மாதேஸ்வரன் கதையைப் பாடுவோர் ‘கம்சாளே’ என்னும் வெண்கலத் தாளத்தைக் கையில் கொண்டு, ஆடியபடியே பாடுவார்களாம். தொட்டோம். எங்களுடையது.

எதிரணியில் மதுரைக்காரர், கோயில் பெயரைக் குறிப்பாகச் சொல்லலாமா என்று வழக்கெழுப்பினார். இடுகுறியோ காரணமோ, பெயர்ச்சொல் ஆகும் என்று மூல விதியே இடம் தருகிறது. தள்ளுபடி செய்தோம்.

சீட்டுக்கட்டு இப்போது நம் சங்க அறையில் இருக்கிறது. வெள்ளிதோறும் மாலையில் ஆடுகிறோம். கௌதள்ளி நண்பர் இந்த ஆண்டு இதழ்க் குழுவில் இருக்கிறார். இக்கட்டுரையை அவருக்குப் படித்துக் காட்டி, அவர் நீக்கச் சொன்ன இரண்டு இடங்களை நீக்கியிருக்கிறேன். கட்டில் நூற்றிருபது சீட்டுகளே உள்ளன. அடிக்கடி ஆடுவோருக்கு அவை மனப்பாடமாகிவிட்டன. இன்னும் எண்பது வேண்டும். புதிய சொல் தருபவர்கள், அச்சொல்லுக்குத் தம் வீட்டில் என்ன பொருள் என்பதையும் ஊரின் பெயரையும் சீட்டின் பின்புறம் எழுதித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். எழுத்து எதுவாயினும் சரி.